இலவச டிவியும் வாத்துத் துப்பாக்கியும்

2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவச கலர் டிவிக்கு யாரும் சொல்லாத ஒரு பெருமை உண்டு: அதில் வாத்து சுடலாம். நிண்டெண்டோவின் 1984 ‘டக் ஹன்ட்’ விளையாட்டில் விசையை அழுத்தினால் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிமுனை அந்த வெளிச்சத்தைத் தேடும். எல்லாம் 100 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். படக்குழாய் டிவி, சிக்னல் வரவர வரையும். எல்சிடியோ படத்தைச் சேர்த்துவைத்து, மெருகேற்றித்தான் காட்டும். கட்டம் வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். மரியோவில் இதே தாமதம்னா கொஞ்சம் முன்னாடியே குதிச்சுச் சமாளிக்கலாம், இங்கே வழியில்லை. செஞ்சியில் என் சித்தி மகன், புது டிவி வந்ததும் தன் குறிதான் போச்சுன்னு நினைச்சான். நான் விஷயத்தைச் சொன்னபோது, பழைய டிவி காயலான் கடைக்குப் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது.