களிமண்ணோடு மல்லுக்கட்டிய நெப் பண்ணை

தாத்தா பாட்டியிடமிருந்து பண்ணை கைக்கு வந்தப்போ சார்லி பர்ரலுக்கு இருபதுகளின் தொடக்க வயசு. வருஷம் 1987. விவசாயக் கல்லூரியில் படிச்ச பையன். துணைக்கு இசபெல்லா ட்ரீ, பயண எழுத்தாளர். இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், ஹார்ஷம் ஊருக்குத் தெற்கே இருக்கும் நெப் எஸ்டேட், 3500 ஏக்கர். ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சொத்து குடும்பத்துக்கு வந்த வழியையும் சொல்லிடறேன். கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல்களில் கேப்டனாக இருந்து, பிறகு வங்கி நடத்திய சார்ல்ஸ் ரேமண்ட் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாங்கியது. அவர் மகள் பர்ரல் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். கம்பெனிக் கப்பல் பணம்னா அது எந்தக் கரையிலிருந்து போயிருக்கும்னு நமக்குத் தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

இளம் ஜோடி செய்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடிதான். சின்னச் சின்ன மாட்டுப் பண்ணைகளை ஒன்றாக்கினார்கள். பால் கறவைக்குப் புது எந்திரங்கள், பெரிய தொழுவங்கள். கறவை கூடியது. பாலாக விற்றால் கட்டுப்படியாகலைன்னு ஐஸ்கிரீமும் போட்டார்கள். அதே நேரத்தில் பெரிய அமெரிக்க பிராண்டுகள் பிரிட்டன் சந்தைக்குள் வந்து இறங்கின. மாடுகளிடம் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. கடன் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு.

குற்றவாளி மண். அடியில் சுண்ணாம்புப் பாறை, அதற்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டருக்குக் கனத்த களிமண். கோடையில் கான்கிரீட் மாதிரி இறுகி வெடிக்கும், மழைக்காலத்தில் கஞ்சி. இலையுதிர் காலத்தில் மழை பிடிச்சதுன்னா வசந்தம் வரைக்கும் டிராக்டரை வயலில் இறக்க முடியாது. சசெக்ஸ் வட்டார வழக்கில் சேற்றுக்கு மட்டும் முப்பதுக்கு மேல சொற்கள் இருக்காம். மழைக்குப் பின் ஒட்டுகிற வரப்புச் சேறு 'கிளாட்ஜி'. இலை தழை அழுகின கருஞ்சேறு 'கப்பர்'. நீராய் ஓடுகிற சேறு 'ஸ்டக்'. சேற்றுக்கு இத்தனை பேர் வைத்தவர்கள் அந்த மண்ணில் கோதுமை போட்டுப் பணக்காரர் ஆனவர்களாக இருக்க முடியாது, இல்லையா?

உண்மையில் அங்கே முழுசா உழுது பயிரிடும் வழக்கமே பழசு இல்லை. 12ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது. ஜான் மன்னன் வேட்டைக்கு வந்து தங்கிய இடம். 1870களுக்குப் பிறகு அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து பிரிட்டிஷ் விவசாயம் படுத்தபோது இந்த மாதிரி நிலங்களில் முள்ளும் புதரும்தான் மண்டியது. அப்புறம் இரண்டாம் உலகப்போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடிக்க, கிடைத்த நிலத்தையெல்லாம் உழச் சொல்லி அரசு உத்தரவு. நெப் மாளிகையில் கனடா ராணுவம் முகாமிட்டது, புதர்க்காடுகள் வயலாயின. 1947 விவசாயச் சட்டம் விலைக்கு உத்தரவாதம் கொடுத்தது. 1973க்குப் பிறகு ஐரோப்பிய மானியம். ஆக, சார்லிக்குக் கைமாறிய 'பாரம்பரியப் பண்ணை'க்கு அரை நூற்றாண்டு வயசுகூட ஆகலை.

2000இல் கறவை மாடுகளையும் எந்திரங்களையும் விற்றார்கள். எஸ்டேட்டில் ஒரு பழைய ஓக் மரத்தைப் பார்க்க வந்த நிபுணர், சுற்றிலும் உழுவதும் ரசாயனமும் அதன் வேர்களைக் கொல்கிறதென்று சொல்லியிருந்தார். அங்கிருந்து யோசனை வேறு பக்கம் திரும்பியது. டச்சு சூழலியலாளர் ஃபிரான்ஸ் வெராவின் வாதம்: பழைய ஐரோப்பா அடர்காடு அல்ல, பெரிய மேய்ச்சல் விலங்குகள் புல்வெளி, புதர், மரம் எல்லாத்தையும் கலந்து வைத்திருந்த நிலம். அந்தக் காட்டு மாடு, ஆரக்ஸ், 1627இல் போலந்தில் அற்றுப்போச்சு. அதற்குப் பதிலாக நெப்பில் விட்டது லாங்ஹார்ன் மாடுகளை.

இதில் ஒரு வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்து 'மேம்படுத்திய' இனம்தான் லாங்ஹார்ன். அடுத்து ஷார்ட்ஹார்ன் வந்து அதை ஓரங்கட்ட, அழியும் இனங்களின் பட்டியலுக்கே போய்விட்டது. நவீன கால்நடை வளர்ப்பின் முதல் பிள்ளைகளில் ஒன்று, இப்போ காட்டு மாட்டின் வேலையைச் செய்கிறது.

அந்த மாடுகளுக்குத் தொழுவம் இல்லை. புல்லோடு இலை தழையும் கடிக்கும், சாணத்தில் விதை பரப்பும். கன்று போட நேரம் வந்தால் பசு கூட்டத்தை விட்டுப் புதருக்குள் ஒதுங்கும், தானே ஈனும், கன்றை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். குடற்புழு மருந்து கொடுக்காததால் சாணத்தில் வண்டு திரும்பியது. முட்புதருக்குள் நைட்டிங்கேல் கூடு கட்டியது. 2020இல் வெள்ளை நாரைக் குஞ்சுகள் பொரித்தன. பிரிட்டனில் அதற்கு முந்தைய பதிவு 1416.

அக்கம்பக்கத்தார் கொண்டாடலை. நல்ல வயலைக் களைக்காடாக்கிட்டாங்கன்னு கோபம், பத்திரிகைக்குக் கடிதங்கள். அது வெறும் பொறாமையில்லைன்னு நினைக்கிறேன். போர்க்காலத்தில் பட்டினியைத் தடுக்க முள்ளை வெட்டி வயலாக்கிய தலைமுறை, அதே முள் திரும்ப வருவதைக் கண்முன்னே பார்த்தது. பேரன் வீட்டுக்குத் திரும்பினான், தாத்தாவின் உழைப்பைக் கலைத்தான் என்றுதானே அவர்களுக்குத் தெரியும்?

உணவே இல்லாமல் போகவில்லை. மாடு, பன்றி, மான் எல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 75 டன் உயிரெடை இறைச்சிக்குப் போகுது. அதோடு பொது மானியம், சுற்றுலா, காலியான கட்டடங்களின் வாடகை. எனவே இதை எல்லாருக்குமான வழி என்று சொல்பவர்களை நான் நம்பமாட்டேன். 100 ஏக்கர் குத்தகைக்காரர் எல்லா மாடுகளையும் விற்றுவிட்டுப் புதர் வளரட்டும்னு வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாது. பர்ரல் குடும்பத்தால் முடிந்தது, கம்பெனிக் கப்பல்காரர் வாங்கிவைத்த 3500 ஏக்கர் கைவசம் இருந்ததால்.