பயனர் கணக்குக் கட்டுப்பாடும் தன்னியக்கக் குறுநிரல்களும்

பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் உள்ள ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகும். கணினியின் அமைப்பை மாற்றக்கூடிய நிரல் ஒன்று தொடங்கும்போது, இது பயனரிடம் நிர்வாகி அனுமதி கேட்கின்றது. விசைகளை அழுத்துதல், சுட்டியை நகர்த்துதல் போன்ற பணிகளைத் தாமாகச் செய்யும் ஸ்கிரிப்ட் எனப்படும் குறுநிரல்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் தடைப்பட்டு நிற்கின்றன. ஆட்டோஹாட்கீ, ஆட்டோஇட், பவர்ஷெல் ஆகியவை இத்தகைய குறுநிரல்களை எழுதப் பயன்படும் மொழிகளுட் சில.

வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிப் பயனர்களுட் பலர் எப்போதும் நிர்வாகிகளாகவே பணியாற்றினர். அதனால் அவர்கள் இயக்கிய தீநிரல்களுக்கும் முழு உரிமை கிடைத்தது. இதனைத் தவிர்க்க, 2007 சனவரியில் பொதுப் பயனர்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் பயனர் கணக்குக் கட்டுப்பாடு அறிமுகமானது. அனுமதி கேட்கும் பெட்டி அடிக்கடி தோன்றுவதாகக் குறைகூறப்பட்டதால், 2009 இல் வெளியான விண்டோஸ் 7 இல் நான்கு நிலைகளைக் கொண்ட அமைப்புமுறை சேர்க்கப்பட்டது.

செயற்படும் முறை

நிர்வாகி ஒருவர் புகுபதிகை செய்யும்போது விண்டோஸ் அவருக்கு டோக்கன் எனப்படும் இரண்டு அனுமதிச் சீட்டுகளை உருவாக்குகின்றது. ஒன்று சாதாரணப் பயனருக்குரியது. மற்றொன்று முழு உரிமை கொண்டது. நிரல்கள் வழக்கமாக முதலாவது சீட்டுடனேயே இயங்குகின்றன. பயனர் இசைவு தெரிவித்த பின்னரே இரண்டாவது சீட்டு வழங்கப்படும். நிர்வாகி அல்லாதவரிடம் நிர்வாகி ஒருவரின் கடவுச்சொல் கேட்கப்படும்.

இயல்புநிலை அமைப்பில், இசைவு கேட்கும் பெட்டி தனியானதொரு பாதுகாப்பான திரைமுகப்பில் தோன்றும். பயனரின் வழக்கமான திரைமுகப்பில் இயங்கும் குறுநிரலால் அப்பெட்டியைக் காணவோ அதன் பொத்தானை அழுத்தவோ இயலாது. திரை மங்காத நிலையைத் தெரிவு செய்தாலும், அப்பெட்டி உயர்ந்த உரிமையுடன் இயங்குவதால் சாதாரணக் குறுநிரலின் விசையழுத்தங்களை ஏற்பதில்லை. இத்தடை ஒரு வழு அன்று. குறுநிரலால் அழுத்த முடிந்தால் தீநிரலாலும் அழுத்த முடியும் என்பதே இதன் காரணம்.

ஓசையற்ற தோல்வி

விண்டோஸ் ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் தாழ்நிலை, இடைநிலை, உயர்நிலை போன்ற நம்பகநிலை ஒன்றை வழங்குகின்றது. இடைநிலையில் இயங்கும் குறுநிரல், உயர்நிலையில் இயங்கும் நிரலின் சாளரத்துக்கு விசையழுத்தங்களை அனுப்ப முடியாது. அவ்வாறு அனுப்பினால் அவை தடுக்கப்படும். ஆனால் இக்காரணத்தைக் கூறும் பிழைச்செய்தி எதுவும் வராது. எனவே ஒரு குறுநிரல் சில சாளரங்களில் மட்டும் பயனற்றுப் போனால், முதலில் இந்த நிலை வேறுபாட்டையே ஆராய வேண்டும்.

கையாளும் வழிகள்

பெட்டியை அழுத்த முயல்வதை விட, தேவையான அனுமதியை முன்கூட்டியே பெறுவதே முறையாகும்.

தொடக்கத்திலேயே கேட்டல்: குறுநிரல் தனக்கு நிர்வாகி உரிமை உள்ளதா எனச் சோதித்து, இல்லையெனில் தன்னை 'ரன்ஆஸ்' என்னும் வினைக்கட்டளை மூலம் மீண்டும் தொடங்கலாம். பயனர் மறுத்துவிட்டால் 1223 என்னும் பிழை எண் கிடைக்கும். அப்போது மீண்டும் மீண்டும் கேளாமல், காரணத்தைக் கூறி முடித்துக்கொள்ள வேண்டும்.

பணி திட்டமிடுநிரல்: நிர்வாகி ஒருமுறை 'மிகவுயர்ந்த உரிமையுடன் இயக்கு' என்ற தெரிவுடன் ஒரு பணியைப் பதிந்து வைத்தால், பின்னர் பெட்டி தோன்றாமலே அது இயங்கும். சாளரங்களைக் கையாள வேண்டிய பணி எனில், பயனர் புகுபதிகை செய்துள்ளபோது மட்டும் இயங்குமாறு அமைத்தல் வேண்டும்.

பணியைப் பிரித்தல்: நிர்வாகி உரிமை தேவைப்படும் சிறு பகுதியை மட்டும் தனி நிரலாக்கி, எஞ்சியதைச் சாதாரண உரிமையுடன் இயக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

உரிமை உயர்ந்த பின் குறுநிரலின் சூழலும் மாறக்கூடும். எழுத்து ஒதுக்கி இணைத்த வலையமைப்பு இயக்ககங்கள் அதற்குத் தென்படாமற் போகலாம். வேறொரு நிர்வாகியின் கடவுச்சொல் தரப்பட்டிருந்தால், ஆவணக் கோப்புறையும் பயனர் பதிவேடும் அந்நிர்வாகிக்கு உரியவையாக இருக்கும்.

உயர் உரிமையுடன் இயங்கும் குறுநிரலின் கோப்பை, சாதாரணப் பயனர் மாற்றக்கூடிய கோப்புறையில் வைத்தல் ஆபத்தானது. அதனைத் திருத்தும் எந்த நிரலும் அடுத்த இயக்கத்தில் நிர்வாகி உரிமையைப் பெற்றுவிடும். தொல்லையைத் தவிர்ப்பதற்காகப் பயனர் கணக்குக் கட்டுப்பாட்டை முற்றாக நிறுத்துவதும் ஏற்றதன்று. அப்போது ஒரு குறுநிரலின் வசதிக்காகக் கணினி முழுவதும் காப்பை இழக்கின்றது.