பிள்ளைகளின் முதுகு வளைவு: மருத்துவம் கடந்து வந்த பாதை



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி படித்தாள். காலைச் சபைகூடலில் நிற்கும்போது அவளுடைய வலது தோள் சற்று உயர்ந்திருக்கும். "நேராக நில்" என்று நான் பலமுறை அதட்டியிருக்கிறேன். அவளும் முயல்வாள், அடுத்த நொடியே தோள் பழையபடி ஏறிவிடும். ஒருநாள் பள்ளிக்கு வந்த தாதி அவளைக் குனியச் சொல்லிப் பார்த்தார். முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்திருந்தது. செய்தி கேட்ட அவள் தாயார், "ஐயா, தம்பியை இடுப்பில் தூக்கித் தூக்கித்தானே இப்படி ஆயிற்று? நான்தானே தூக்கச் சொன்னேன்?" என்று கண்கலங்கினார். உண்மையில் குற்றம் அவர்மீதும் இல்லை, பிள்ளைமீதும் இல்லை. அறியாமல் அதட்டிய நான்தான் வெட்கப்பட வேண்டியவன். அதன்பின் நான் தேடிப் படித்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த வளைவை மருத்துவர்கள் 'ஸ்கோலியோசிஸ்' என்பார்கள். வளைந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே முதுகு வளைவு பேசப்படுகிறது. அக்காலத்தில் சிலர் நோயாளியை ஏணியோடு சேர்த்துக் கட்டி, உயரத்திலிருந்து ஏணியைக் கீழே விட்டு உலுக்குவார்களாம். அது கூட்டத்தை வாய்பிளக்க வைக்கும் வேலையே தவிர, யாருடைய முதுகையும் நிமிர்த்தியதில்லை என்று அந்த நூலே கண்டிக்கிறது. அதற்குப் பதிலாகப் பலகையில் கிடத்தி, இரு முனையிலும் இழுத்து, முதுகை அழுத்தும் முறையை அது கூறுகிறது.

பல நூற்றாண்டுகள் இழுப்பதும் அழுத்துவதுமாகவே கழிந்தன. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, கனம் குறையத் துளைகள் இட்ட இரும்புத் தகட்டால் உடற்கவசம் செய்வித்தார். 1741இல் பாரிசு நகரத்து மருத்துவர் நிக்கோலா அந்திரி, பிள்ளைகளின் உடல் வளைவுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளைந்த இளமரம் ஒன்றை நேரான கம்போடு கயிற்றால் கட்டியிருக்கும் படம் அதில் உண்டு. உலகெங்கும் எலும்பு மருத்துவர்களுக்கு இன்றும் அதுவே சின்னமாக விளங்குகிறது. கன்றுக்குக் கம்பு நட்டுக் கட்டும் நமக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்திரி ஒன்றில் தவறினார். தவறாக உட்காருவதும் நிற்பதும்தான் முதுகை வளைக்கின்றன என்று அவர் எண்ணினார். பள்ளியில் நான் அதட்டியதும் அதே எண்ணத்தால்தானே?

உண்மைக்கு வழிகாட்டியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ். அவர் ஆராய்ந்தவற்றுள் 1852இல் இறந்த கிடியன் மான்டெல் என்னும் புகழ்பெற்ற நிலவியல் அறிஞரின் முதுகெலும்பும் ஒன்று. மான்டெல் பல ஆண்டுகள் முதுகு வலியால் துன்புற்றவர். அவர் முதுகில் தெரிந்த புடைப்பைக் கட்டி என்றே மருத்துவர்கள் கருதினர். இறந்தபின் பார்த்தால் கட்டி எதுவும் இல்லை; முதுகெலும்பு வளைந்து திரும்பியிருந்தது. ஆம், இவ்வகையில் முதுகெலும்பு வளைவதோடு கயிறுபோல் முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அப்போது விலா எலும்புகளும் உடன் திரும்புகின்றன. ஆகவே பிள்ளை முன்னால் குனிந்தால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். 1865இல் ஆடம்ஸ் எடுத்துரைத்த இந்தக் குனிந்து பார்க்கும் சோதனையைத்தான் எங்கள் பள்ளிக்கு வந்த தாதியும் செய்தார்.

1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காப், எக்ஸ்ரே படத்தில் வளைவை அளக்கும் முறையை வகுத்தார். வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் இந்நோய் என்று கொள்வார்கள். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த பிள்ளைகள் பலருக்குச் சிகிச்சை அளித்த பால் ஹாரிங்டன் என்பவர், முதுகெலும்போடு உலோகக் கம்பியைப் பொருத்தி நிமிர்த்தும் அறுவை முறையை 1962இல் வெளியிட்டார். இன்றைய கம்பிகளும் திருகாணிகளும் அதன் வழிவந்தவை.

கவசத்தால் பயன் உண்டா என்ற ஐயம் மட்டும் நெடுநாள் நீடித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் அதற்கு விடை தந்தது. கவசம் அணிந்த பிள்ளைகளில் 100க்கு 72 பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு அறுவைக்குரிய 50 பாகையை எட்டவில்லை. அணியாதவர்களில் 48 பேருக்கே அந்த நிலை. நாள்தோறும் அதிக நேரம் அணிந்தவர்களுக்குப் பயனும் அதிகம்.

தாய்மார்களே, இதில் நாம் அறிய வேண்டியது என்ன? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வளைவு ஏன் வருகிறது என்பது மருத்துவத்துக்கே முழுமையாகப் பிடிபடவில்லை. தண்ணீர் வாளியோ, புத்தகப் பையோ, இடுப்பில் தூக்கிய தம்பியோ காரணம் அல்ல. முற்பிறவி வினையும் அல்ல. பத்து வயதுக்குமேல் பிள்ளைகள் விரைந்து வளரும் பருவத்தில்தான் வளைவும் விரைந்து கூடுகிறது. பெரிய வளைவு பெண் பிள்ளைகளிடமே அதிகம். தொடக்கத்தில் வலி பெரும்பாலும் இராது. ஆகவே பிள்ளை தானாக வந்து சொல்லாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், உள்ளங்கைகளைக் கூப்பி முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக இருந்தாலோ, தோளோ இடுப்போ ஏறி இறங்கியிருந்தாலோ, அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். சிறு வளைவைக் கவனித்து வந்தாலே போதும். நடுத்தர வளைவுக்குக் கவசம். பெரிய வளைவுக்கே அறுவை. வளர்ச்சி முடிந்துவிட்டால் கவசத்தால் வளைவைத் தடுக்கும் காலமும் முடிந்துவிடும்.

அந்த மாணவி மூன்று ஆண்டுகள் கவசம் அணிந்தாள். வெயில் நாளில் புழுங்கும், தோழிகள் கேலி செய்வார்கள் என்று அழுததும் உண்டு. அவள் முதுகு முற்றிலும் நேராகிவிடவில்லை. ஆனால் வளைவு அதற்குமேல் கூடவும் இல்லை. அறுவை தேவைப்படவில்லை. இப்போதெல்லாம் சபைகூடலில் ஒரு பிள்ளையின் தோள் உயர்ந்திருந்தால் நான் அதட்டுவதில்லை. பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறேன்.