கனவில் வந்த மனிதனும் களிம்பு விற்ற பெண்ணும்

பொடுகு என்பது எங்கள் வீட்டில் நோயல்ல, பெண்பிள்ளையின் சோம்பலுக்கு இன்னொரு பெயர். "ஒழுங்கா எண்ணெய் வச்சாத்தானே" என்ற வசவைக் கல்லூரி முடியும்வரை கேட்டிருக்கிறேன். (தோலின் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு அம்மா விருந்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.) அதனால்தானோ என்னவோ, மேடம் சி. ஜே. வாக்கரின் வரலாற்றில் அவர் சேர்த்த செல்வத்தைவிட அவருடைய தலைதான் என்னை இழுத்தது.

இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867இல் லூசியானாவின் பருத்திக்காட்டில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 7 வயதில் அநாதை, 14இல் மனைவி, 20இல் கைக்குழந்தையோடு கைம்பெண். செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்த் துணி வெளுத்தார். அங்கேதான் அவருடைய மண்டைத்தோல் செதில் செதிலாக உரிந்தது, முடி கொத்தாக உதிர்ந்தது.

அவருக்கு மட்டுமல்ல, அன்றைய கறுப்பினப் பெண்கள் பலருக்கும் இதே கதி. குழாய் இல்லாத குடியிருப்புகள். குளிர்காலத்தில் தலை குளிப்பது அபூர்வம். குளித்தால் காரமான சவுக்காரம், சாப்பாடோ அரைகுறை. அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ச்சி அடுத்தவர் துணியை அலசியவருக்குத் தன் தலைக்கு ஒரு வாளி மிஞ்சவில்லை. இதைச் சோம்பல் என்று சொல்ல ஆள் இருந்திருக்கும்.

மருந்து எங்கிருந்து வந்தது? கனவில் ஒரு கறுப்பின மனிதர் தோன்றிக் கலவையைச் சொன்னார் என்பது வாக்கர் சொன்ன கதை. ஆனால் செயின்ட் லூயிஸில் ஆனி டர்ன்போ என்ற பெண் ஏற்கெனவே தலைக் களிம்பு செய்து வீடு வீடாக விற்றுவந்தார். சாரா அவரிடம் விற்பனையாளராக இருந்தவர். 1905இல் டென்வருக்குப் போனார், மறு ஆண்டு சார்லஸ் வாக்கரை மணந்தார், கணவர் பெயரில் சொந்தக் களிம்பை இறக்கினார். டர்ன்போ தன் சரக்கைக் காக்க 'போரோ' என்ற வணிகப்பெயரைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. களிம்பின் சாரம் கந்தகமும் பெட்ரோலிய ஜெல்லியும். கந்தகம் தோல்நோய்க்கு எவ்வளவோ காலமாகப் பழகிய சரக்கு. இருவரில் எவரும் கண்டுபிடித்ததல்ல. ஆனாலும் பக்கத்திலிருந்த பெண்ணுக்குத் தரவேண்டிய பெயரைக் கனவில் வந்த ஆணுக்குக் கொடுத்ததை என்னால் எளிதில் விட முடியவில்லை. வியாபாரத்துக்குக் கனவு உதவியிருக்கும். டர்ன்போவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உண்மையில் வேலை செய்தது களிம்பு மட்டுமல்ல, அதோடு வந்த பழக்கமும்தான்: அடிக்கடி தலையைக் கழுவு, செதிலைத் தளர்த்து, பிறகு மருந்தைத் தேய். முடியை நேராக்கி வெள்ளையரைப் போலாக்கும் வியாபாரம் என்ற குற்றச்சாட்டு வாக்கர் மீது உண்டு. சூடான சீப்பும் அவருடைய முறையில் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் விற்பனைக்கு வந்த பெண்களில் பலர் சமையற்கட்டையும் வெளுப்புத் தொட்டியையும் விட்டு வந்தவர்கள். இன்னொரு பெண்ணின் தலையைத் தொட்டுப் பார்த்துப் பேசுவதே அவர்கள் தொழிலானது.

1917இல் பிலடெல்பியாவில் அந்த விற்பனைப் பெண்கள் 200 பேருக்கு மேல் மாநாடு கூடினார்கள். அதே கோடையில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் கொன்று குவிக்கப்பட்டிருந்தார்கள். தலைமுடி பற்றிப் பேச வந்தவர்கள் அதைக் கண்டித்து ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அடித்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.