முதல் வரவின் பதிவு: கில்பர்ட் ஒயிட்டின் இளவேனிற் பறவைக் குறிப்புகள் (1768–1793)

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பறவையை இனங்காண்பது பெரும்பாலும் இறந்த உடலை வைத்துச் செய்யப்பட்ட பணியாகும். சுட்டு வீழ்த்திய பறவையின் அலகு, கால், இறகு ஆகியவற்றை நூலிலுள்ள விவரிப்போடு ஒப்பிட்டுப் பெயரிடுவதே வழக்கம். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் உதவிக் குருவாக இருந்த கில்பர்ட் ஒயிட் (1720–1793) இவ்வழக்கத்தைக் கைவிட்டவர் அல்லர். எனினும் கண்ணுக்கு முன்பாகச் செவியை நிறுத்தினார். அவர் கண்டவற்றையும் கேட்டவற்றையும் பிறரோடு பகிர்ந்துகொண்ட முறை எதனைத் தெளிவாக்கியது, எதனைத் தெளிவாக்க இயலாமற் போயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மார்ச் மாதப் பிற்பகுதியில், மரங்கள் தழைக்கும் முன்பே, மஞ்சள் கலந்த பசுமை நிறக் கதிர்க்குருவி ஒன்று அங்கு வந்து இரண்டே ஒலிகளை மாறி மாறி எழுப்பும். ஏப்ரலில் ஏறத்தாழ அதே தோற்றமுடைய மற்றொன்று வந்து, மேலிருந்து கீழிறங்கித் தேயும் இனிய பாட்டைப் பாடும். மூன்றாவது வகை உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் அமர்ந்து, சிறகுகள் நடுங்க, வெட்டுக்கிளியை ஒத்த சீறொலி எழுப்பும். இம்மூன்றும் அன்று ஒரே பெயரால் வழங்கின. 1768 ஏப்ரலில் விலங்கியலார் தாமஸ் பென்னன்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இவை மூன்று இனங்கள் என்ற தம் துணிபை ஒயிட் தெரிவித்தார். மூன்றாவது இன்னும் கைக்குக் கிட்டவில்லை என்றும் குறித்தார். ஆகஸ்டு 17ஆம் நாள் கடிதத்தில் மூன்றன் உடல்களையும் முன்வைத்துப் பார்த்து, அளவில் படிப்படியான வேறுபாடு உண்டென்றும், மிகச் சிறியதன் கால்கள் கருநிறம், ஏனைய இரண்டின் கால்கள் தசைநிறம் என்றும் எழுதினார். பாட்டு வேறுபாட்டை உணர்த்தியது. உடல் அதனை உறுதி செய்தது. இவ்வரிசையே புதுமை. இன்று வுட் வார்ப்ளர், சிஃப்சாஃப் எனப்படும் இரண்டிற்கும் இப்போதுள்ள அறிவியற்பெயர்கள் முறையே 1790களிலும் 1817இலுந்தான் அமைந்தன.

இயற்கையாய்வில் நாட்டமுள்ள அண்டை வீட்டார் எவரும் தமக்கு வாய்க்கவில்லை என்று ஒயிட் வருந்தியதுண்டு. அக்குறையை அஞ்சல் ஈடுசெய்தது. அவருடைய மற்றொரு கடிதத் தோழர் டெயின்ஸ் பாரிங்டன், சட்டம் பயின்ற நீதிபதி, அச்சிட்ட நாட்குறிப்புப் படிவம் ஒன்றை வகுத்திருந்தார். காற்று, வெப்பம், மழை, தளிர்ப்பு, பூப்பு ஆகியவற்றோடு பறவைகளும் பூச்சிகளும் முதலில் தோன்றும் நாளுக்கும் மறையும் நாளுக்கும் அதில் இடம் இருந்தது. 1768 முதல் தம் இறப்புக்குச் சில நாள்கள் முன்பு வரை ஒயிட் அப்படிவத்தை நிரப்பினார்.

சிக்கல் தகைவிலான் வகையில் எழுந்தது. பறவைகள் கடல் கடந்து வலசை செல்வதைப் பாரிங்டன் நம்பவில்லை. அவை குளிர்காலத்தில் மறைவிடங்களில் உறங்குகின்றன என்று கருதினார். மாறாக, ஜிப்ரால்டரில் குருவாக இருந்த ஒயிட்டின் தம்பி ஜான், பருவத்திற்கேற்பத் தகைவிலான்கள் நீரிணையைக் கடப்பதைக் கண்டு தெரிவித்திருந்தார். ஒயிட் வலசையை மறுக்கவில்லை. ஆயினும் சில பறவைகளேனும் ஊரிலேயே தங்கிவிடுகின்றன என்ற ஐயம் அவரை விடவில்லை. 1781 ஏப்ரலில் உறங்கும் பறவைகளைத் தேடி ஆட்களைக் கொண்டு புதர்களைத் தோண்டச் செய்தார். எதுவும் அகப்படவில்லை. அவர்கள் தோண்டிக்கொண்டிருந்த அதே பிற்பகலில், அவ்வாண்டின் முதல் ஹவுஸ் மார்ட்டின் ஊருக்குள் பறந்து வந்து நேரே பழைய கூட்டினுள் நுழைந்தது! அதன் பிறகும் ஐயம் தீரவில்லை.

இதனை ஒயிட்டின் கவனக்குறைவாகக் கொள்வது பொருந்தாது. ‘முதலில் காணப்பட்டது’ என்பதைப் படிவம் பதிவு செய்யும். ‘வந்து சேர்ந்தது’ என்பதை அது சொல்லாது. ஒரே ஊரின் குறிப்பு எத்தனை ஆண்டுகள் நீண்டாலும், பறவை எங்கிருந்து வந்தது என்ற வினாவிற்கு அதில் விடையில்லை. ஜிப்ரால்டர்க் கடிதங்கள் வேறோர் இடத்துக் கண்களைச் சேர்த்தன; ஆனால் அங்கே கடந்தவையும் செல்போர்னில் கூடு கட்டியவையும் ஒன்றே என்பதை அவற்றாலும் நிறுவ இயலவில்லை. 1911இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் கால்வளையம் இடப்பட்ட ஒரு தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டபோதுதான் அத்தகைய சான்று கிட்டியது.

நாள்களின் பட்டியலுக்கு வேறொரு பயன் காத்திருந்தது. நார்ஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் 1736 முதல் தகைவிலானின் வரவு உள்ளிட்ட 27 இளவேனில் அறிகுறிகளைக் குறித்துவந்தார். ஒயிட்டின் நூலைப் படித்தபின் 1790 முதல் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். மார்ஷமின் வழித்தோன்றல்கள் 1958 வரை அப்பதிவைத் தொடர்ந்தனர். 1947 வரையிலான அதன் நாள்களைக் கொண்டு, தட்பவெப்பத்திற்கு உயிரினங்கள் காட்டும் எதிர்வினையை 1995இல் ஸ்பார்க்ஸும் கேரியும் ஆராய்ந்தனர்.