கொலையாளி யார், கொன்றது ஏன்?

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மர்மக் கதை எழுதுவது கடினமான வேலை. பறப்பவர்களும் அணுவளவுக்குச் சுருங்குபவர்களும் உலவும் உலகில் எந்தக் கொலையையும் எப்படியும் செய்திருக்க முடியும். 'எப்படி' என்ற கேள்வி அங்கே நீர்த்துப்போகிறது. 'ஏன்' என்பதே கதையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' 1986-87இல் 12 இதழ்களாக வெளிவந்தது. காமெடியன் என்ற பெயரில் அரசுக்காக வேலை செய்த எட்வர்ட் பிளேக், தன் வீட்டு ஜன்னல் வழியே தூக்கி எறியப்படுகிறார். முகமூடி வீரர்களை யாரோ ஒழித்துக்கட்டுகிறார்கள் என்று நம்பி, அவர்களில் ஒருவரான ரோர்ஷாக் துப்புத் துலக்கக் கிளம்புகிறார். வெறும் துப்பறியும் கதையாக எடைபோட்டால் முடிச்சு பெரிதல்ல. சந்தேகப்பட ஆட்களே குறைவு. ஆனால் வில்லனின் நோக்கம் அசாத்தியமான கவனத்தோடு விதைக்கப்பட்டிருக்கிறது.

2ஆம் இதழில் 1966ஆம் ஆண்டுக் கூட்டமொன்று வருகிறது. வீரர்களை ஒன்றுதிரட்டத் தொங்கவிட்ட வரைபடத்தை பிளேக் கொளுத்திவிடுகிறார். அணு ஆயுதங்கள் பறக்கும் நாளில் இந்த வீரமெல்லாம் எதற்கு என்பது அவர் வாதம். படிக்கும்போது அவருடைய முரட்டுத்தனம்தான் கண்ணில் படும். அங்கே நின்றிருந்த ஏட்ரியன் வெய்ட்டின் மனதில் அந்தத் தீ என்ன செய்தது என்பது 11ஆம் இதழில்தான் தெரியவருகிறது. வேற்றுலகத் தாக்குதல் ஒன்றை ஜோடித்து, நியூயார்க்கில் லட்சக்கணக்கானோரைப் பலியிட்டு, போர் விளிம்பில் நிற்கும் வல்லரசுகளைக் கைகோக்க வைப்பது அவர் திட்டம். அதைத் தெரிந்துகொண்டதால்தான் பிளேக் கொல்லப்பட்டார்.

5ஆம் இதழின் நடுப்பக்கங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தன்னைச் சுட வந்தவனை வெய்ட் மடக்கி, அவன் விஷக்குப்பியைக் கடிக்கிறான் என்று கத்தியபடி வாய்க்குள் விரலை விடுகிறார். முதல் வாசிப்பில் அது விஷத்தைப் பிடுங்கும் கை. மறுவாசிப்பில் விஷத்தைத் திணிக்கும் கை. வரைந்த கோடு ஒன்றுதான். மர்மக் கதையில் நேர்மை என்று நான் கருதுவது இதை.

பிராட் மெல்ட்ஸர் எழுதி ராக்ஸ் மொராலெஸ் வரைந்த 'ஐடென்டிட்டி க்ரைசிஸ்' 2004இல் 7 இதழ்களாக வந்தது. எலாங்கேட்டட் மேன் என்ற வீரரின் மனைவி சூ டிப்னி கொல்லப்படுகிறார். கணவரின் துயரத்தை மொராலெஸ் மனம் கனக்க வரைந்திருக்கிறார். மர்மமும் கெட்டியானது. பிரேதப் பரிசோதனையில் சூவின் மூளைமேல் நுண்ணிய காலடித் தடங்கள் தெரிகின்றன. அணுவளவுக்குச் சுருங்கும் ஆட்டம் என்ற வீரரான ரே பால்மரின் முன்னாள் மனைவி ஜீன் லோரிங், தன்னிடம் யாரும் சொல்லாத ஒரு கடிதத்தைப் பற்றி வாய்தவறிப் பேசி அகப்படுகிறார்.

நோக்கத்தில்தான் கதை சரிகிறது. வீரர்களின் குடும்பங்களுக்கு ஆபத்து என்ற பயம் பரவினால் ரே தன்னிடம் திரும்புவார் என்று ஜீன் கணக்குப் போட்டாராம். சூவைக் கொல்லும் எண்ணமே இல்லையாம். அப்படியானால் தீ உமிழும் கருவியைக் கையோடு எடுத்துப்போனது ஏன்? அதற்கு அவர் சொல்லும் சமாதானம் ஒட்டவில்லை. வழக்கறிஞராக இத்தனை காலம் நாம் அறிந்த ஜீனிடம் இந்தக் கொடூரத்துக்கான தடம் எதுவும் முன்பக்கங்களில் கிடையாது. ரே அவரை ஆர்க்கம் மனநோய் விடுதியில் சேர்த்துவிடுகிறார். பைத்தியம் என்று சொன்னதும் விசாரணை முடிந்துவிடுகிறது. வெய்ட்டின் விஷயத்தில் அது முடியவில்லை. தான் செய்தது சரிதானா என்று கடைசி இதழில் அவரே சக வீரரான டாக்டர் மன்ஹாட்டனிடம் கேட்கிறார். அவருக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை.