பிக்குலும் முதுகும்

சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் அரிசி, மிளகு, வெள்ளீயம் எல்லாமே பிக்குல் கணக்கில்தான் விலைபோயின. நேயர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு பிக்குல் ஏறக்குறைய 60 கிலோ. பிக்குல் என்ற மலாய்ச் சொல்லுக்குத் தோளில் சுமப்பது என்று பொருள். ஓர் ஆள் சுமக்கக்கூடிய பாரமே எடையளவாகிவிட்டது. ஆளின் முதுகே தராசு!

சிங்கப்பூர் ஆற்றோரத்தில் தொங்கானுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை கிடக்கும். மூட்டையோடு அதில் நடக்க வேண்டும். தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் சரக்கு தூக்கினார்கள். மூத்தவர் தூக்குவதைப் பார்த்து இளையவர் தூக்கினார். அதுதான் பயிற்சி.

1967ல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஜெனிவாவில் ஓர் உடன்பாட்டை நிறைவேற்றியது. பாரம் தூக்கும் வேலையில் அமர்த்துமுன் தொழிலாளிக்கு முறையான பயிற்சி தர வேண்டும் என்றது அது. கூடவே வந்த பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றது. அதாவது, ஒரு பிக்குலைவிடக் குறைவு.

1972 ஜூன் 23ல் ராட்டர்டாமிலிருந்து சுமார் 300 கொள்கலன்களுடன் தஞ்சோங் பகார் முனையத்துக்கு ஒரு கப்பல் வந்தது. பாரந்தூக்கி இயந்திரம் வேலையைப் பார்த்துக்கொண்டது. முதுகு தப்பியது. மூட்டை தூக்கும் கைகளின் தேவையும் குறைந்தது. இந்தப் பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் மூட்டை ஒழிந்துவிடவில்லை. தேக்காவில் லாரியிலிருந்து வெங்காயச் சாக்கு இறங்குகிறது. மருத்துவமனையில் தாதி நோயாளியைத் தூக்குகிறார். 2006ல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011ல் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்கிறது சட்டம்.

முழங்காலை மடக்கு, சுமையை உடம்போடு அணை, இடுப்பைத் திருப்பாதே. பாடம் நல்ல பாடம்தான். ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2008ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் முதுகுவலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. வகுப்பு நடத்திவிட்டோம், வலித்தால் அது தொழிலாளியின் தவறு என்று கைகழுவ இனி வழியில்லை.

லிட்டில் இந்தியாவின் ஐந்தடிப் பாதைகளில் கடைக்குக் கடை மேடும் படியும். தள்ளுவண்டி நின்றுவிடும்; அங்கேதான் மூட்டை முதுகுக்கு ஏறுகிறது. அந்தப் படியில் ஒரு சாய்பலகை போடலாம், சாக்கைச் சிறியதாகக் கட்டச் சொல்லி வாங்கலாம். பிறகு அந்த வண்டியை வைத்தே பயிற்சியைத் தொடங்கலாம்.